பள்ளிக்கும் கிளினிக்கும் நடுவே தூது போவது எப்படி? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். மாலையில் பேச்சுப் பயிற்சிக்கும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் போகிறான். கிளினிக்கில் பழக்குவது பள்ளிக்குத் தெரியாது. பள்ளியில் நடப்பது கிளினிக்குக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே பேச வேண்டியவர்கள் நாம்தான். மதிப்பீடும் மாற்றுத்திறனாளி சான்றிதழும் முடிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எதைக் கொடுப்பது?

பள்ளிக்குச் சான்றிதழ் நகலும், மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் தனித்துவ அடையாள அட்டை (UDID) நகலும் போதும். கிளினிக்கின் முழு அறிக்கையையும் தூக்கிக் கொடுக்காதீர்கள். பிரசவ வரலாறும் வீட்டு விவரமும் ஆசிரியர் அறையில் கிடக்க வேண்டியதில்லை.

படி 2: யாரிடம் பேசுவது?

இரு பக்கமும் ஒவ்வொருவர் போதும். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் யார் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். தனியார் பள்ளியில் வகுப்பாசிரியரே நல்லது. “எங்கள் பள்ளியில் இதற்கெல்லாம் வசதி இல்லை” என்ற பதில் வந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் குரல் உயர்த்தாமல் நினைவூட்டலாம். அதன் பட்டியலில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. உள்ளடக்கிய கல்வி தரும் கடமை, அரசு நிதி பெறும் பள்ளிக்கு மட்டுமின்றி அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் உண்டு.

படி 3: அறிக்கையை வகுப்பறைக்கு ஏற்றபடி எழுதுவது

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். “புலன் தூண்டல்களை ஒழுங்குபடுத்துவதில் சிரமம்” என்று அறிக்கை சொல்லும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கும் ஆசிரியர் அதைப் படித்து என்ன செய்வார்? ஒரே பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: என்ன நடக்கும், என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது.

நாங்கள் எழுதியதில் ஒன்று: “மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்வான். சற்று முன்பே சொல்லிவிட்டால் சமாளித்துக்கொள்வான். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.”

தெரபிஸ்ட் இதைப் படித்துத் திருத்திய பிறகே பள்ளிக்குக் கொடுங்கள். ஐந்து வரிக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை.

அடுத்தது அட்டை. வாய் திறந்து கேட்க முடியாத நேரத்தில் ‘இடைவேளை வேண்டும்’ அட்டையை நீட்டும்படி கிளினிக்கில் பழக்கியிருந்தார்கள். வகுப்பில் அவன் அதை நீட்டியபோது, கணக்குக்குப் பயந்து தப்பிக்கிறான் என்று எண்ணி ஆசிரியர் உட்காரச் சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அட்டையின் விதியை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பழக்கத் தொடங்கும் நாட்களில் அட்டை நீட்டிய உடனே இடைவேளை கிடைத்தாக வேண்டும். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊன்றிய பிறகுதான் ‘இந்தக் கணக்கை முடித்துவிட்டுப் போ’ என்று காத்திருக்கப் பழக்க முடியும். அதனால் எங்கே போவான், எவ்வளவு நேரம், யார் திரும்பக் கூப்பிடுவார் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எங்கள் ஏற்பாடு: தண்ணீர்க் குழாய் வரை போய் வருவது.

கிளினிக்கிலும் பள்ளியிலும் வீட்டிலும் ஒரே அட்டைதான் இருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் கார்ட்டூன் படங்களைவிடப் பள்ளியின் அதே குழாயைப் படம் பிடித்து லேமினேட் செய்வது மேல். கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னோம். அவன் மறுத்துவிட்டு ஜியாமெட்ரி பெட்டிக்குள் வைத்துக்கொண்டான். வளர்ந்த பையன், மற்றவர்கள் பார்ப்பது அவனுக்கும் உறைக்கும். இந்த வயதில் அவனைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 4: குறிப்பேடு

வாட்ஸ்அப் குழு வேண்டவே வேண்டாம். குரல் பதிவுகளுக்கும் காலை வணக்கப் படங்களுக்கும் நடுவில் முக்கியமான செய்தி புதைந்துவிடும். பிள்ளை அழும் வீடியோவை யாராவது போட்டுவிட்டால் அது எங்கெங்கே போகும் என்று நம் கையில் இல்லை. நாற்பது பக்க நோட்டு போதும். இடப்பக்கம் பள்ளி, வலப்பக்கம் கிளினிக். ஒரு நேரத்தில் ஒரே இலக்கு. ஆசிரியரிடம் கட்டுரை எதிர்பார்க்காதீர்கள், ‘அட்டை காட்டினான், போய் வந்தான்’ என்ற ஒரு வரியே தெரபிஸ்ட்டுக்குப் பெரிய தகவல்.

படி 5: பருவத்துக்கு ஒருமுறை தெரபிஸ்ட்டையும் ஆசிரியரையும் தொலைபேசியிலாவது நேராகப் பேச வையுங்கள். எல்லாவற்றையும் நம் வழியாகவே கடத்தினால் பாதி உதிர்ந்துவிடும்.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகைகளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். கூடுதல் நேரம், சொல்வதைக் கேட்டு எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வாசகியின் மகளுக்கு அனுமதி கிடைத்தும் பயனில்லை. முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் வாயே திறக்கவில்லையாம். எனவே ஒன்பதாம் வகுப்பிலேயே கிளினிக்கில் ‘சொல்லி எழுத வைப்பதை’ ஓர் இலக்காக்கச் சொல்லுங்கள். வகுப்புத் தேர்வுகளிலும் அதே முறையை அனுமதிக்கும்படி இப்போதே தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் கேட்டு, நகலில் பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.