மழை நாளில் நாய்களோடு வீட்டில்: டிகாஷன் இறங்குவதற்குள் செய்ய வேண்டியவை

சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில்தான். நாய் வளர்ப்பவர்களுக்கு அந்த மூன்று மாதமும் ஈர நாய், ஈரத் துண்டு, ஈரத் தரை. முதல் வருடம் எனக்கு மழை என்றாலே அலுப்பாக இருந்தது. இப்போது வானம் இருட்டிக்கொண்டு வந்தாலே மனசு லேசாகிவிடுகிறது.

நடுவில் மாறியது ஒன்றுதான், வேலைகளின் வரிசை. முன்பெல்லாம் சுடச்சுடக் காபியைக் கலந்துகொண்டு உட்காருவேன். இரண்டு வாய் குடிப்பதற்குள் ஈரக் காலோடு ஒருத்தி கட்டிலில் ஏறியிருப்பாள், இன்னொருவன் கதவைச் சுரண்டிக்கொண்டிருப்பான். இப்போது பில்டரில் வெந்நீரை ஊற்றிவிட்டு, டிகாஷன் இறங்குகிற நேரத்தை நாய்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் காய்ந்து, வயிறு நிறைந்து, சுருண்ட பிறகு என் டம்ளரைக் கையில் எடுக்கிறேன். இந்த வரிசையைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

என் வீட்டில் இரண்டு பேர். செவலை, ஏழு வயது, எங்கள் தெருவிலேயே பிறந்தவள். மிளகு, இரண்டு வயதுக் கறுப்பன்.

படி 1: பில்டரில் பொடியைப் போடுங்கள்

மழை தணியத் தொடங்கும்போது அடுப்பில் தண்ணீர் வையுங்கள். இரண்டு பேருக்கு மூன்று மேசைக்கரண்டி காபிப் பொடி, குவியலாக. 80 பங்கு காபிக்கு 20 பங்கு சிக்கரி கலந்த பொடி புதியவர்களுக்கு வசதி, டிகாஷன் எளிதில் திக்காக இறங்கும். பொடியை மேல் பாத்திரத்தில் போட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிச் சமமாக்கி, குடை போன்ற அந்தத் தட்டை மேலே வையுங்கள். அழுத்தி நசுக்க வேண்டாம். நசுக்கினால் தண்ணீர் அடைத்துக்கொண்டு இறங்கவே இறங்காது.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் வட்டமாக ஊற்றுங்கள். பொடி உப்பி எழும், வீடு முழுக்க வாசனை வரும். அப்புறம் மீதித் தண்ணீரை ஊற்றி மூடிவிடுங்கள். மொத்தம் ஒரு டம்ளர் தண்ணீர் போதும். இனி இருபது, இருபத்தைந்து நிமிடம் பில்டரைத் தொடாதீர்கள். மேலே தட்டினால் கீழே கள்ளிச்சொட்டாக விழ வேண்டியது கலங்கலாக விழும்.

படி 2: மழை விட்ட இடைவெளியில் பத்து நிமிடம் வெளியே

எவ்வளவு மழை என்றாலும் நாய் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டிருக்க முடியாது. தூறலாக மாறியதும் கூட்டிப் போங்கள். நீண்ட நடை வேண்டாம், வேலை முடிந்ததும் திரும்பிவிடுங்கள்.

வழியில் இரண்டு விஷயங்களில் மட்டும் கண்ணை எடுக்காதீர்கள். ஒன்று, தெருவிளக்குக் கம்பம், மின்சாரப் பெட்டி, டிரான்ஸ்பார்மர். மழையில் இவற்றைச் சுற்றி மின்கசிவு இருக்கலாம். நாய் வெறுங்காலில் நடக்கிறது, காலைத் தூக்குவதும் சரியாகக் கம்பத்தின் மேல்தான். மழைக் காலத்தில் எங்கள் நடைக்கு வேறு பாதை, கம்பமே இல்லாத சுற்றுச்சுவர் ஓரம். இன்னொன்று, தேங்கிய தண்ணீர். எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்துதான் எலிக்காய்ச்சல் பரவுகிறது. அது நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். குட்டையில் வாய் வைக்க விடாதீர்கள். கிளம்பும் முன் வீட்டிலேயே தண்ணீர் குடிக்க வைத்துவிட்டால் அந்த ஆசை குறையும். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியை வருடா வருடம் போட வேண்டும். மழை தொடங்குவதற்கு முன்பே, செப்டம்பரிலேயே கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 3: துடைப்பது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுக்கிறேன்.

வாசல் கதவுக்கு உள்பக்கம் இரண்டு பழைய பருத்தித் துண்டும் ஒரு சின்ன வாளியில் வெதுவெதுப்பான தண்ணீரும் தயாராக இருக்கட்டும். உள்ளே வந்ததும் நாயை ஒரு தடவை உதற விடுங்கள். உதறலிலேயே உடம்பில் உள்ள தண்ணீரில் பெரும்பகுதி போய்விடும், உங்கள் வேலை பாதியாகும். அப்புறம் ஒவ்வொரு காலாக வாளியில் முக்கி எடுத்து, சேற்றைக் கழுவி, துண்டால் ஒற்றுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றினாலே போதும்.

விரல்களுக்கு நடுவில் துடைக்க மறப்பவர்கள்தான் அதிகம். பாதத்தைத் திருப்பிப் பிடித்து, கறுப்பு மெத்தைகளைக் கட்டைவிரலால் மெல்ல விரித்துப் பாருங்கள். நடுவில் ரோமம் ஈரமாகத் திரித்திரியாக நிற்கும். அதற்குள் ஒரு கல், ஒரு முள், சில நேரம் மிளகு அளவில் ஓர் உண்ணி இருக்கும். துண்டின் நுனியைத் திரியாக முறுக்கி ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு எடுங்கள். அந்த ஈரம் அப்படியே நின்றால் பூஞ்சை பிடித்து, நாய் ராத்திரி முழுக்கக் காலை நக்கிக்கொண்டே கிடக்கும்.

காதும் அப்படித்தான். தொங்கும் காதுள்ள நாய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மடலைத் திருப்பி, கண்ணுக்குத் தெரிகிற பகுதியை மட்டும் உலர்ந்த பஞ்சால் துடையுங்கள். உள்ளே குச்சி எதுவும் விடக் கூடாது. செவலையை எடுத்து வந்த முதல் மழைக் காலத்தில் காதைத் துடைக்க எனக்குத் தெரியவில்லை. பத்து நாளில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருந்தாள், காதில் புளித்த வாடை அடித்தது. சரியாக இரண்டு வாரம் மருந்து விட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவள் காதருகே என் கை போனாலே முனகுவாள். அதற்கப்புறம் நான் ஒரு நாளும் காதை விட்டதில்லை.

ஈர நாயின் வாடை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ரோமத்தில் எப்போதும் குடியிருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் விட்டுவைக்கும் பொருட்கள் ஈரம் பட்டதும் காற்றில் கலக்கின்றன, அவ்வளவுதான். நாய் அழுக்காக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வாசனைத் திரவியம் அடிக்காதீர்கள், அதன் மூக்குக்கு அது பெரிய தொந்தரவு. நன்றாகக் காய்ந்தாலே வாடை அடங்கிவிடும்.

படி 4: நாய்களுக்கு ஒரு வெதுவெதுப்பான சாறு

நமக்குச் சூடாக ஒன்று வேண்டும் என்றால் அவர்களுக்கும் வேண்டும்தானே. எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராம், மூன்று டம்ளர் தண்ணீர். இருபது நிமிடம் வேக வையுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் கூடாது. மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிட்டு, கறியைப் பிய்த்துப் போட்டு, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடவில்லை என்றால் சரி. மிளகுக்கு அரை டம்ளர், செவலைக்கு அவள் வழக்கமாகச் சாப்பிடும் சோற்றின் மேல் நான்கு கரண்டி. மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மறுநாளும் ஆகும். எலும்போடு வேக வைத்தால் எலும்பைக் கொடுக்காதீர்கள். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

பால் ஊற்றுவது நம் வீடுகளில் பழக்கம். ஆனால் வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். மழை நாளில் அது யாருக்கும் நல்லதில்லை.

படி 5: இப்போது நமக்கு

டிகாஷன் இறங்கியிருக்கும். பாலைக் காய்ச்சி, டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு டிகாஷன், மீதி பால், சர்க்கரை உங்கள் இஷ்டம். டபராவுக்கும் டம்ளருக்கும் நான்கு தடவை ஆற்றினால் நுரை எழும்.

காபி குடிக்காதவர்களுக்கும் தொண்டை கரகரப்பவர்களுக்கும் சுக்கு மல்லிக் காபி. பெயரில்தான் காபி, உள்ளே ஒரு துளியும் கிடையாது. கொத்தமல்லி விதை அரை கப் எடுத்து, வெறும் வாணலியில் மணம் வரும் வரை வறுங்கள். விரல் நீளச் சுக்கு இரண்டு துண்டு, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் இரண்டு. சுக்கை மட்டும் முதலில் அம்மிக்குழவியால் நசுக்கிக்கொள்ளுங்கள், முழுசாகப் போட்டால் மிக்ஸி பிளேடு தாங்காது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து டப்பாவில் அடைத்துவிடுங்கள். ஒரு மழைக் காலத்துக்கு வரும். குடிக்கும்போது இரண்டு டம்ளர் தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து, மண் இருக்கும் என்பதால் ஒரு முறை வடிகட்டி, இரண்டு தேக்கரண்டி பொடி போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பால் சேர்க்க வேண்டாம், கருப்பட்டியில் திரிந்துபோக வாய்ப்பு உண்டு. எனக்குப் பிடித்தது உடன்குடிக் கருப்பட்டிதான். கடைசி மடக்கில் வரும் அந்தப் புகை வாசனைக்காகவே வாங்குகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காபி, டீ, கோகோ கலந்த சத்துப்பானம், சாக்லேட் எதுவும் நாய்க்கு ஆகாது. காபியில் உள்ள கஃபீனும் கோகோவில் உள்ள தியோபுரோமினும் அதற்கு நஞ்சு, தியோபுரோமின் அதன் உடம்பில் மெதுவாகத்தான் கழியும். வாந்தி, படபடப்பு, நடுக்கம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். டம்ளரை விடப் பெரிய ஆபத்து பில்டரில் மிஞ்சும் சக்கை. அதை ரோஜாச் செடிக்குப் போடுவது நம் வழக்கம். செடித் தொட்டி தரையில் இருந்தால் நாய் தோண்டித் தின்னும், அதனால் சக்கை மூடியுள்ள குப்பைத் தொட்டிக்குத்தான் போக வேண்டும். கூடவே பஜ்ஜி போட்டால் வெங்காய பஜ்ஜிக்கும் இதே விதி, கேசரியில் உள்ள உலர்திராட்சைக்கும் இதே விதி. தெரியாமல் தின்றுவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள்.

படி 6: இடி இடித்தால்

நம் காதுக்குச் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்குச் சுமார் 45,000 வரை. மெல்லிய சத்தத்தையும் அது நம்மை விட நன்றாகக் கேட்கும். இடியை அது எப்படி உணரும் என்று நினைத்துப் பாருங்கள். செவலை முதல் உறுமலிலேயே பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிவிடுவாள். அவளை நான் வெளியே இழுப்பதில்லை. அந்த இடுக்கிலேயே ஒரு பழைய போர்வை விரித்து வைத்திருக்கிறேன். ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். தடவிக் கொடுத்தால் பயம் பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். பயப்படுகிறவளுக்குக் கை கொடுத்தால் பயம் அதிகமாகாது. மின்சாரம் போனால் மெழுகுவத்தி ஏற்ற வேண்டாம், வாலடிபட்டுச் சாயும். எமர்ஜென்சி விளக்கு போதும்.

படி 7: வாசலில் இருப்பவர்கள்

தெரு நாய்களுக்கும் இதே மழைதான். கேட் ஓரம், மழைச்சாரல் படாத இடத்தில், இரண்டு செங்கல் மேல் பலகை வைத்து ஒரு காய்ந்த சாக்கைப் போடுங்கள். நனைந்தால் மாற்றுங்கள். காரை எடுக்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள், குட்டிகள் சக்கரத்தை ஒட்டிப் படுத்திருக்கும்.

படி 8: உட்காருவதற்கு முன் பிளாஸ்க்

கடைசியாக ஒன்று. உட்கார்ந்த பிறகு எழ முடியாது. அதனால் சுக்கு மல்லிக் காபியைப் பிளாஸ்கில் ஊற்றி, டம்ளர், போன், போர்வை எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தரை ஜில்லென்று இருக்கும், பாயை மட்டும் விரிக்காமல் மேலே ஒரு கம்பளியும் போடுங்கள். மிளகு காலடியில் வந்து மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுப் பொத்தென்று விழுவான். இடி ஓய்ந்து கொஞ்ச நேரம் ஆனதும் செவலை பீரோ இடுக்கிலிருந்து வந்து, தாடையை என் தொடையில் வைத்து, மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விடுவாள். காதைத் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்து, கதகதப்பாக இருக்கும்.