நெல் வயலில் பென்டசோன்: தொடு களைக்கொல்லியைத் தெளிக்கும் முறை

பென்டசோன் இலையில் பட்ட இடத்தில் ஒளிச்சேர்க்கையைத் தடுத்துக் களையைக் கருக்கும் தொடு களைக்கொல்லி. இலையிலிருந்து வேருக்கோ கிழங்குக்கோ அது பெரும்பாலும் இறங்குவதில்லை. தெளிக்கும்போது நெல்லின் மீதும் அது படத்தான் செய்கிறது. ஆனால் நெற்பயிரில் உள்ள நொதி ஒன்று அதனை விரைவாக மாற்றிவிட, மாறிய பொருள் சர்க்கரையோடு பிணைந்து நச்சற்றதாகிவிடுவதால் பயிர் தப்பிக்கிறது. அந்த நொதி பழுதுபட்ட நெல் வகைகள் இதே மருந்தில் கருகி மடிவதைச் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

முதலில் வயலில் இறங்கிக் களையை இனம் காணுங்கள். வட்டக்கோரை போன்ற ஒருபருவக் கோரைகளும், நீர்க்கிராம்பு போன்ற அகன்ற இலைக் களைகளும் இதற்குக் கட்டுப்படும். குதிரைவாலிப் புல் முதலிய புல் வகைகளுக்கு இது பயன்படாது. வயலில் புல்லே மிகுதி என்றால் இதை வாங்க வேண்டாம்.

களைகள் இரண்டு முதல் நான்கு இலைகளோடு இளசாக இருக்கும்போதே தெளிக்க வேண்டும். முற்றிய களையின் மேல் இலைகள் மட்டும் கருகி, அடியிலிருந்து புதுத் தளிர் கிளம்பிவிடும்.

தெளிப்பதற்கு முன் வயலின் நீரை வடித்துவிடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். நீருக்குள் மூழ்கிய இலையில் மருந்து படாது, படாத இலை சாகாது. வடிக்கும்போது களையின் அடி இலையும் வெளியே தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள்.

லிட்டருக்கு 480 கிராம் மருந்து கொண்ட திரவம் ஹெக்டேருக்கு 2 லிட்டர் என்றால், ஏக்கருக்கு ஏறத்தாழ 800 மில்லி ஆகும். இதை 200 லிட்டர் நீரில் கலப்பதானால் 10 லிட்டர் டேங்குக்கு 40 மில்லி வரும். ஆயினும் உங்கள் கையில் உள்ள புட்டியின் லேபிளில் அச்சிட்ட அளவும், அதில் குறித்த பயிருமே இறுதியானவை. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை ஆகியவற்றை அணிந்த பிறகே மூடியைத் திறங்கள்.

தட்டை விசிறி நாசிலைப் பொருத்தி, வெயில் உள்ள, காற்று அடங்கிய காலை வேளையில், பின்னோக்கி நடந்தபடி ஒரே சீராகத் தெளியுங்கள். அன்று மழை வரும் போலிருந்தால் தள்ளிப்போடுவதே நல்லது, ஏனெனில் இலைக்குள் ஊறும் முன் மழை கழுவிவிட்டால் மருந்தும் கூலியும் வீணாகும். பக்கத்து வயலில் கடுகோ பருத்தியோ நின்றால் அந்த வரப்போரத்தை விட்டுவிடுங்கள். அவற்றுக்கு இது ஆகாது.

இரண்டு மூன்று நாள்களுக்குப் பின் வழக்கம்போல் நீர் கட்டலாம். ஒரு வாரத்துக்குள் களைகள் மஞ்சளாகிப் பழுப்பேறும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பென்டசோன் மண்ணில் ஒட்டி நிற்காமல் நீரோடு கீழே இறங்கக்கூடியது. கலிஃபோர்னியாவின் நெல் வட்டாரங்களில் நிலத்தடி நீரில் அது காணப்பட்டதால், 1980களின் இறுதியில் அங்கே நெல்லுக்கு அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. ஆகவே கிணற்றடியிலோ வாய்க்கால் ஓரத்திலோ மருந்தைக் கலக்காதீர்கள். டேங்கைக் கழுவிய நீரையும் தெளித்த வயலுக்குள்ளேயே பரவலாகத் தெளித்துவிடுங்கள்.