பிஎஃப் பணத்தில் முதல் வீடு

மதுரையில் 40 லட்சத்துக்கு ஒரு பழைய பிளாட் பேசி முடித்தோம். வங்கி 80%, அதாவது 32 லட்சம்தான் தரும். மீதி 8 லட்சம் கைப்பணம். அப்புறம் முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2% என 3.6 லட்சம் வேறு. அதற்குக் கடனில் இடமில்லை.

இந்தப் பணத்துக்காக, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) சேமிப்பிலிருந்து அட்வான்ஸ் கேட்டுப் படிவம் 31 போட்டேன். உடனே நிராகரித்துவிட்டார்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்க, பிஎஃபில் வெறும் ‘எஸ்’. பழைய கம்பெனிக் கணக்கும் தனியாகக் கிடந்தது. நானும் கம்பெனியும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுத்துப் பெயரைத் திருத்தி, அந்தக் கணக்கை இப்போதைய கணக்குக்கு மாற்றிய பிறகுதான் பணம் வந்தது. வீடு தேடும்போதே இந்தப் பெயர் வேலையை முடித்துவிடுங்கள், தயவுசெய்து.

தனிநபர் கடன் பக்கமே போகவில்லை, வட்டி தாங்காது. பிஎஃப் போக இன்னும் தேவைப்பட்ட தொகைக்கு மனைவியின் நகையை அடகு வைத்தோம். போனஸ் வந்ததும் முதல் வேலையாக அதை மீட்டேன்.