எட்ஜ் ஃபைண்டரில் பாதி விட்டத்தைக் கழித்தீர்களா?

சிஎன்சி மில்லிங்கில் (கணினிக் கட்டளைப்படி உலோகம் வெட்டும் வேலையில்) ஜி54 பூஜ்யத்தை, அதாவது அளவுகள் தொடங்கும் புள்ளியை, ஜாபின் (வெட்டப்போகும் துண்டின்) இடது முன் மூலையில் வைப்பதாக இருந்தால் இதைக் கவனியுங்கள். விளிம்பைக் கண்டுபிடிக்கும் கருவியான எட்ஜ் ஃபைண்டர், 10 மி.மீ. விட்டமுள்ளது, இடது பக்கத்தைத் தொடும்போது அதைப் பிடித்துச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மையம் விளிம்பில் இல்லை, 5 மி.மீ. வெளியே நிற்கிறது. அதனால் மெஷின் திரையில் பூஜ்யத்தைப் பதியும் ஆஃப்செட் பக்கத்தில் எக்ஸ்0 கொடுக்காமல், எக்ஸ்-5.0 என்று கொடுத்து மெஷர் அழுத்துங்கள். முன்பக்கத்துக்கு ஒய்-5.0. தசமப் புள்ளியை விட்டுவிடாதீர்கள். பல ஃபானுக் கன்ட்ரோல்களில் (மெஷினை இயக்கும் கணினிகளில்) புள்ளி இல்லாத 5 என்பது 5 மைக்ரான்தான், அதாவது 0.005 மி.மீ.!

அப்புறம், இசட்டை நன்றாக மேலே தூக்கி, ரேப்பிடை (வெட்டாமல் நகரும் வேகத்தை) குறைத்து, கட்டளையை நேரடியாகத் தட்டி ஓட்டும் எம்டிஐயில் ஜி90 ஜி54 ஜி0 எக்ஸ்0 ஒய்0 ஓட்டிப் பாருங்கள். ஸ்பிண்டில் மூலைக்கு நேர் மேலே வந்து நிற்க வேண்டும்.

இதில் பூஜ்யத்திலிருந்தே அளக்கச் சொல்லும் ஜி90 ரொம்ப முக்கியம். மெஷின் ஜி91-ல் இருந்தால் எக்ஸ்0 என்பது 'நிற்கிற இடத்திலிருந்து 0 தூரம்', அசையவே அசையாது. அதே நிலையில் இசட்-20.0 வந்தால், டூல் நிற்கிற இடத்திலிருந்து 20 மி.மீ. இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு டூல் மாற்றத்துக்குப் பிறகும் ஜி90 ஜி54 இரண்டையும் மறுபடி எழுதிவிடுவேன்.