சிறு கேமராவில் வால்நட்சத்திரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 அக்டோபரில் சுச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம் மாலை வானில் வெறுங்கண்ணுக்கே தெரிந்தபோது, அதைப் படம்பிடிக்கச் சட்டைப்பையில் அடங்கும் சாதாரண டிஜிட்டல் கேமராவே போதுமானதாக இருந்தது. ஆனால் அத்தகைய கேமராவைத் தானியங்கி முறையிலேயே விட்டுவிட்டால், வெறும் கறுப்புக் கட்டமோ பிசிறடித்த மங்கலோதான் கிடைக்கும். பகல் வெளிச்சத்துக்கென்று வகுக்கப்பட்ட அதன் முடிவுகளை ஒவ்வொன்றாக நம் கைக்கு மாற்றிக்கொள்ளாததே பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

கேமராவைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடும் தவறும் ஒன்று உண்டு. நன்றாக இருட்டட்டும் என்று காத்திருப்பதுதான் அது. வால்நட்சத்திரங்கள் பெரும்பாலும் சூரியனை நெருங்கும்போதுதான் பிரகாசமடைகின்றன என்பதால், அந்த நாட்களில் அவை அந்தி வெளிச்சத்திலேயே, அடிவானத்தை ஒட்டியே தென்படும். தமிழ்நாட்டின் அகலாங்கில் மேற்கு வானப் பொருள்கள் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால், 10 பாகை உயரத்தில் நிற்கும் ஒன்று சுமார் 40 நிமிடங்களில் மறைந்துவிடும். எனவே மரமும் கட்டடமும் மறைக்காத இடத்தைப் பகலிலேயே பார்த்துவைத்து, ஸ்டெல்லேரியம் போன்ற வான்வரைபடச் செயலியில் திசையை உறுதிசெய்துகொள்வது நல்லது. அந்தி ஒளியில் மின்னும் விமானப் புகைத்தடத்தை வால் என்று எண்ணிப் படமெடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

அதிகப் படங்களைக் கெடுப்பது ஃபோகஸ்தான். இருட்டில் பற்றிக்கொள்ள எதுவும் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்து, ஏதோ ஓரிடத்தில் நின்றுவிடும். மலைச் சின்னம் கொண்ட தொலைதூர ஃபோகஸ் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் வெகுதொலைவிலுள்ள தெருவிளக்கையோ பிரகாசமான கோளையோ நோக்கி ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் நிலைத்ததும் விரலை எடுக்காமல் கேமராவைத் திருப்பலாம். அந்த அக்டோபர் நடுவில் வால்நட்சத்திரம் வெள்ளிக்கோளுக்கும் சுவாதி நட்சத்திரத்துக்கும் இடையே நின்றதால் இது எளிதாகவே இருந்தது. முதல் படத்தை எடுத்ததும் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது கட்டாயம், ஏனெனில் சிறிய திரையில் எல்லாப் படமும் தெளிவாகவே தெரியும்.

அடுத்தது ஜூம் ஆசை. லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண் கூடினால் திறப்பு சிறிதாகும். எஃப் 2.8 திறப்புள்ள சிறு கேமரா, முழு ஜூமில் எஃப் 5.9 வரை சுருங்கும்போது, உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. அதோடு, வானம் மணிக்கு 15 பாகை சுழல்வதால், ஜூம் கூடக்கூட நட்சத்திரங்கள் விரைவில் கோடாக இழுபடும். 500-ஐ 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்குச் சமமாகக் கணக்கிட்ட குவியத் தொலைவால் (லென்ஸ் எவ்வளவு நெருக்கிக் காட்டுகிறது என்பதன் அளவு) வகுத்தால் கிடைப்பது, நட்சத்திரங்கள் கோடாகாமல் ஷட்டரைத் திறந்துவைக்கக்கூடிய தோராயமான உச்ச நொடி: 28 மி.மீ. அகலக் கோணத்தில் 17 நொடி வரை தாங்கும், 100 மி.மீ. என்றால் 5 நொடிதான். டிஜிட்டல் ஜூம் இருக்கும் படத்தையே வெட்டிப் பெரிதாக்குவதால் அதை அணைத்தே வைக்கலாம். அந்தியில் 2 நொடியில் தொடங்கி, இருட்ட இருட்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 400 அல்லது 800 போதும், அதற்கு மேல் போனால் சிறிய சென்சாரில் வண்ணப் புள்ளிகள் வாலையே விழுங்கிவிடும். ஃபிளாஷை அணைக்கச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் மறந்துவிடுகிறார்கள்.

டிரைபாட் இல்லாவிட்டால் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் ஒரு அரிசிப் பையை வைத்து அதன்மேல் கேமராவைப் பதிக்கலாம். எப்படி நிறுத்தினாலும் விரல் அழுத்தும் அதிர்வு படத்தில் விழும் என்பதால் 2 நொடி செல்ஃப் டைமரைப் பயன்படுத்த வேண்டும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் கடலோர ஊர்களில் லென்ஸில் நீராவி படியும். அரைமணி நேரம் முன்பே பையோடு வெளியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வால் சூரியனுக்கு எதிர்த்திசையில் நீள்வதால், மாலையில் அது மேல்நோக்கியே இருக்கும். வால்நட்சத்திரத்தின் தலையைச் சட்டத்தின் நடுவில் வைப்பவர்கள் வாலின் நுனியை இழக்கிறார்கள். தலையைக் கீழ்ப்பகுதியில் வைத்து, கேமராவையும் செங்குத்தாகத் திருப்புவது மேல்.

ஒரே படத்தோடு நிறுத்திக்கொண்டு, அதன் வெளிச்சத்தைக் கணினியில் ஏற்றிப் பார்ப்பது கடைசித் தவறு. அதே அமைப்பில் 16 படங்கள் எடுத்து, சீக்குவேட்டர் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், தற்செயலான புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் அந்தப் படங்களைச் சில நிமிடங்களுக்குள் எடுத்து முடிக்க வேண்டும். நேரம் நீண்டால் வால்நட்சத்திரம் பின்னணி நட்சத்திரங்களிடையே நகர்ந்து, நட்சத்திரங்களை வைத்து அடுக்கும்போது அதன் தலை நீளமாக இழுபட்டுவிடும்.