கிக் அடித்தால் விளக்கு துடிக்க வேண்டும்: சிறிய மேடைக்கான அமைப்பு

எல்.இ.டி பார் லைட்டின் (PAR, மேடையில் நிறம் வீசும் வட்ட விளக்கு) பின்பக்க மெனுவில் 'சவுண்ட்' என்று ஒரு மோடு இருக்கும். அதற்குள் இருக்கும் சின்ன மைக்குக்கு கிக் டிரம்முக்கும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) கைதட்டலுக்கும் வித்தியாசம் தெரியாது. பாட்டு முடிந்த பிறகுதான் விளக்குகள் உற்சாகமாக ஆடும். தாளத்தோடு விளக்கு ஓட வேண்டுமென்றால் டிரம் அடியையே சிக்னலாக எடுத்து லேப்டாப்புக்குக் கொடுக்க வேண்டும்.

நாலைந்து பேர் வாசிக்கும் பேண்டுக்கு எட்டு பார் லைட் போதும். கிக்கிலும் ஸ்னேரிலும் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) மாட்ட, அடியின் அதிர்வை உணரும் இரண்டு டிரம் டிரிகர், அந்த அடிகளை மிடியாக (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் சிக்னல்) மாற்றும் ஒரு டிரம் மாட்யூல், லேப்டாப்பிலிருந்து விளக்குகளுக்கு டி.எம்.எக்ஸ் (மேடை விளக்குகளைக் கட்டுப்படுத்தும் சிக்னல்) அனுப்பும் யு.எஸ்.பி-டி.எம்.எக்ஸ் இன்டர்ஃபேஸ், விளக்குகளை இயக்க லேப்டாப்பில் இலவசமாகக் கிடைக்கும் 'க்யூ.எல்.சி பிளஸ்' மென்பொருள். இன்டர்ஃபேஸில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவான வகையில் சிக்னலின் நேரக் கணக்கை லேப்டாப்பே பார்க்க வேண்டியிருக்கும். அது வேறு வேலையில் மும்முரமானால் விளக்கு நடுங்கும். தனி பிராசஸர் உள்ளதை வாங்குங்கள்.

முதலில் கரண்ட். லேபிளில் 150 வாட் என்றால் எட்டுக்கும் 1,200 வாட். 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்குச் சற்று மேல். 16 ஆம்பியர் பாயின்ட்டிலிருந்து எடுங்கள். சவுண்டுக்கு வேறு லைன் இருக்கட்டும். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் நம்மூரில் உண்டு. மைக்கைப் பிடித்துப் பாடுபவரின் உயிரோடு விளையாடுவது அது.

டி.எம்.எக்ஸ் கேபிள் சங்கிலியாகத்தான் போக வேண்டும்: இன்டர்ஃபேஸிலிருந்து முதல் விளக்கு, அதன் அவுட்டிலிருந்து இரண்டாவது, இப்படியே எட்டாவது வரை. நடுவில் 'ஒய்' போட்டுப் பிரித்தால் சிக்னல் எதிரொலித்துத் திரும்பும். கடைசி முனையிலும் அப்படித் திரும்பாமல் இருக்க, கடைசி விளக்கின் அவுட்டில் டெர்மினேட்டர் செருகுங்கள். ஓர் எக்ஸ்.எல்.ஆர் (மைக் கேபிளில் இருக்கும் வட்ட இணைப்பு) ஆண் பிளக்கில் 2, 3 பின்களுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால் அதுதான் டெர்மினேட்டர். மைக் கேபிள் ஐந்தாறு மீட்டருக்குத் தாங்கும், நீண்ட ஓட்டத்தில் காலை வாரும். ஒத்திகையில் ஒழுங்காக இருந்த ஏழாவது, எட்டாவது விளக்குகள் நிகழ்ச்சியில் தானாக மினுக்கினால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள்.

ஒவ்வொரு விளக்கும் எட்டு கட்டுப்பாட்டு எண்களை எடுத்துக்கொள்ளும் 8 சேனல் மோடில் விளக்குகளை வைத்து 1, 9, 17, 25, 33, 41, 49, 57 என்று முகவரி கொடுங்கள். க்யூ.எல்.சி பிளஸில் அதே முகவரிகளில் ஃபிக்ஸ்சர்களை (விளக்குகளை) சேர்த்து, இன்புட்/அவுட்புட் பக்கத்தில் யூனிவர்ஸ் 1-க்கு (முதல் டி.எம்.எக்ஸ் லைன்) டி.எம்.எக்ஸை அவுட்புட்டாகவும் மாட்யூலை இன்புட்டாகவும் தேர்ந்தெடுங்கள். பின்வரிசை விளக்குகளுக்கு வெள்ளை சீன் (சேமித்துவைத்த ஒளி அமைப்பு) ஒன்று உருவாக்கி, விர்ச்சுவல் கன்சோலில் (திரையில் தெரியும் பட்டன் பலகை) ஒரு பட்டனோடு இணைத்து, அழுத்தியிருக்கும் வரை மட்டும் எரியும் 'ஃபிளாஷ்' வகையில் வையுங்கள். 'ஆட்டோ டிடெக்ட்' அழுத்திவிட்டு கிக்கை ஒரு தரம் மிதித்தால் பட்டன் அதைப் பிடித்துக்கொள்ளும். பொதுவாக மிடியில் கிக்கின் நோட் எண் 36, ஸ்னேருக்கு 38.

இங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பட்டன் திரையில் கண் சிமிட்டும், ஆனால் மேடையில் சில அடிகளுக்கு வெளிச்சமே வராது. ஒரு லைனின் 512 சேனலும் போனால் டி.எம்.எக்ஸ் நொடிக்குச் சுமார் 44 முறைதான் புதுப்பிக்கும், அதாவது ஒரு முறைக்கு 23 மில்லிசெகண்ட். மாட்யூல் அதற்குள் 'நோட் ஆஃப்' (அடி முடிந்தது என்ற செய்தி) அனுப்பிவிட்டால் அந்த அடி விளக்குக்குப் போய்ச் சேராது. மாட்யூலில் நோட் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைச் சொல்லும் 'கேட் டைம்' என்ற அமைப்பை 100 முதல் 150 மில்லிசெகண்டுக்கு ஏற்றுங்கள்.

இன்னொன்று, அடிப்படை வெளிச்சம். ஒரே சேனலுக்கு இரண்டு அளவு வந்தால் பெரியதுதான் ஜெயிக்கும். சீன் ஏற்கெனவே 255-இல் (முழு அளவு) எரிந்துகொண்டிருந்தால் அதே நிறத்தில் கிக் எங்கே தெரியப்போகிறது? அடிப்படையை 80, 90-இல் நிறுத்துங்கள். அடி விழும்போது 255.

பாஸ் ஆம்ப் அதிர்வில் ஸ்னேர் டிரிகர் தானாகச் சிக்னல் அனுப்பினால், மாட்யூலில் 'த்ரெஷோல்ட்'டை (அடியாக எடுத்துக்கொள்ளும் குறைந்தபட்ச வலிமை) கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். கிக்கை மிதித்தால் ஸ்னேரும் சேர்ந்து வருகிறதா? ஒன்றின் அதிர்வு மற்றொன்றில் பதிவதைத் தடுக்கும் 'கிராஸ்டாக்' அமைப்பைக் கூட்டுங்கள். ஒரே அடிக்கு இரண்டு சிமிட்டல் வந்தால் 'மாஸ்க் டைம்' (ஓர் அடிக்குப் பின் அடுத்ததைப் புறக்கணிக்கும் நேரம்) 50 மில்லிசெகண்ட் வையுங்கள். பாஸும் டிரம்மும் முழுச் சத்தத்தில் வாசிக்கும்போதுதான் இவற்றைச் சரிபார்க்க முடியும். அமைதியான ஹாலில் எல்லாமே ஒழுங்காகத்தான் தெரியும்.

120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 தாளம்) ஒரு தாளத்துக்கு நான்கு அடியாக ஸ்னேர் ரோல் வந்தால் நொடிக்கு எட்டு வெளிச்சம். அது வேகமாக மின்னி அணையும் ஸ்ட்ரோப்தான், வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. ரோல் வரும் பாட்டுக்கு ஸ்னேர் பட்டனை இணைக்காத தனிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்னேரே இல்லாமல் கிக் மட்டும் ஓட்டினாலும் நன்றாகத்தான் இருக்கும்.

பாடகர் முகத்துக்கு வரும் முன்விளக்கு எதற்கும் துடிக்கக் கூடாது. இதமான வெள்ளையில், பக்கவாட்டிலும் மேலேயும் சுமார் 45 டிகிரியில், பாட்டு முழுக்க நிலையாக நிற்கட்டும். பல்லவி, சரணம் மாறும்போது நிறம் மாற்ற, கீபோர்டுகாரர் காலடியில் ஒரு மிடி ஃபுட் சுவிட்ச் போதும். அதில் ஒரு மிதியை பிளாக்அவுட்டுக்கு (எல்லா விளக்கையும் அணைக்க) ஒதுக்குங்கள், ஆனால் ஓரத்து மிதியை. நடுவில் வைத்தால் தவறி மிதிபடும்.

ஸ்டாண்ட் காலில் மணல் மூட்டை, ஒவ்வொரு விளக்குக்கும் ஸ்டீல் சேஃப்டி வயர். லேப்டாப்பில் ஸ்லீப், அப்டேட், வைஃபை மூன்றையும் அணைத்துவிடுங்கள். கடைசியாக, போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துப் பாருங்கள்: கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பட்டைகள் படத்தில் ஓடினால், விளக்கு மெனுவில் பி.டபிள்யூ.எம் அலைவரிசை (எல்.இ.டி நொடிக்கு எத்தனை முறை அணைந்து எரிகிறது என்பது) இருக்கும்பட்சத்தில் அதை உயர்த்துங்கள்.