இன்டிசைனில் மாதக் கலண்டர்: பெட்டிகளை ஒழுங்குபடுத்தும் முறை

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு வீட்டுச் சுவரில் தொங்கும் கலண்டரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். பால் கணக்கு, விதைத்த நாள், உரம் போட்ட நாள், வாய்க்கால் தண்ணீர் முறை, சீட்டுக்காசு கட்டும் நாள் எல்லாம் பேனையால் எழுதியிருக்கும். ஆகவே கலண்டர் செய்பவர் முதலில் யோசிக்க வேண்டியது, பெட்டிக்குள் எழுத எவ்வளவு வெற்றிடம் விடுகிறோம் என்பதைத்தான். நடுவில் பெரிய எண்ணைப் போட்டு, பின்னால் கடும் நிறம் அடித்த கலண்டர் பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் அதில் ஒன்றும் எழுத முடியாது.

அச்சுப் பக்கங்களை வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம். உதாரணத்துக்கு 2027 ஜனவரியை எடுப்போம். தாள் ஏ3, நிமிர்ந்த வாக்கில். மேல் பாதி கடையின் பெயருக்கும் படத்துக்கும், கீழ்ப் பாதி அட்டவணைக்கு.

1. அட்டவணையைப் போடுதல்

பிரெஃபரன்சஸ் போய் அளவை மில்லிமீற்றருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டைப் டூலால் 280 மி.மீ. அகலம், 185 மி.மீ. உயரத்தில் ஒரு சட்டம் வரையுங்கள். டேபிள் மெனுவில் இன்சர்ட் டேபிள்: பொடி றோ 5, கொலம் 7, ஹெடர் றோ 1. ஹெடர் நிரை, ஞாயிறு தொடங்கிக் கிழமைப் பெயர்களுக்கு.

2. அளவைப் பூட்டுதல்

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். கன்ட்ரோல், ஓல்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முழு அட்டவணையும் தெரிவாகும். டேபிள் மெனுவில் செல் ஒப்ஷன்ஸ், அதற்குள் றோஸ் அண்ட் கொலம்ஸ். கொலம் அகலம் 40 மி.மீ. என்று கொடுங்கள்; ஏழு நிரலுக்கும் சரியாக 280 வரும். றோ உயரத்துக்குப் பக்கத்தில் 'அட் லீஸ்ட்' என்று இருக்கும். அதை 'எக்ஸாக்ட்லி' ஆக்கி 34 மி.மீ. கொடுங்கள். 'அட் லீஸ்ட்' என்று விட்டால், ஒரு பெட்டியில் எழுத்துக் கூடும்போது அந்த நிரை முழுவதும் கீழே தள்ளிக்கொண்டு போகும். பிறகு ஹெடர் நிரையை மட்டும் தெரிவு செய்து 12 மி.மீ. ஆக்குங்கள்.

3. பந்தி ஸ்டைல்கள்

ஸ்டைல் என்பது எழுத்தின் அளவு, நிறம் போன்றவற்றை ஒரு பெயரில் சேமித்து வைப்பது. பரகிராஃப் ஸ்டைல்ஸில் நான்கு போதும்: கிழமை, திகதி, சிவப்புத் திகதி, குறிப்பு. திகதி 28 பொயின்ற், குறிப்பு 9 பொயின்ற். யூனிகோட் எழுத்துருவில் அடிக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு ஸ்டைலிலும் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் கொம்போசரை (எழுத்துகளை அடுக்கும் முறை) 'அடோபி வேர்ல்ட்-ரெடி' ஆக்குங்கள். இல்லாவிட்டால் கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். குறிப்பு எழுத்துக்குத் தனிக் கறுப்பு மை மட்டும் கொடுங்கள். சின்ன எழுத்தை இரண்டு மூன்று மையில் அச்சடித்தால், தாள் கொஞ்சம் விலகினாலே மங்கலாகத் தெரியும்.

4. செல் ஸ்டைல்கள்

வேலையின் முக்கால்வாசி இதுதான். விண்டோ மெனுவில் ஸ்டைல்ஸ், செல் ஸ்டைல்ஸ். 'சாதாரண நாள்' என்று ஒன்றைத் தொடங்குங்கள். ஜெனரல் பகுதியில் 'திகதி' என்ற பந்தி ஸ்டைலைத் தெரிவு செய்யுங்கள். டெக்ஸ்ட் பகுதியில் இன்செட் (பெட்டிக்குள் விடும் ஓரம்) மேலே 2, இடப்பக்கம் 2.5 மி.மீ.; வேர்ட்டிகல் ஜஸ்டிஃபிகேஷனில் 'டொப்'. எண் மேல் மூலையில் ஒதுங்கும், மிச்ச இடம் எழுதுபவருக்கு. கோடு 0.5 பொயின்ற், சாம்பல் நிறம்.

அடுத்து 'விடுமுறை' என்று இன்னொன்று. 'பேஸ்ட் ஓன்' என்ற இடத்தில் 'சாதாரண நாள்' என்பதைத் தெரிவு செய்து, பந்தி ஸ்டைலை மட்டும் 'சிவப்புத் திகதி' ஆக்குங்கள். பின்னணி வேண்டுமென்றால் மஞ்சள் பத்து சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். நீலப் பேனை எழுத்துத் தெளிவாகத் தெரிய வேண்டும். இப்படிச் செய்தால், பிறகு ஓரம் மாற்ற நினைத்தாலும் முதல் ஸ்டைலை மாற்றினால் போதும், மற்றதும் கூடவே மாறும்.

பெட்டிகள் வெறுமையாக இருக்கும்போதே ஸ்டைலைப் போட்டுவிடுங்கள். வேறு பந்தி ஸ்டைல் ஏற்கனவே போட்ட எழுத்தைச் செல் ஸ்டைல் தொடாமல் விட்டுவிடும். நிரலின் மேல் விளிம்பில் கிளிக் செய்தால் ஞாயிறு நிரல் முழுவதும் ஒரேயடியாகத் தெரிவாகும், அதற்கு 'விடுமுறை'.

5. திகதிகளை அடித்தல்

2027 ஜனவரி 1 வெள்ளி, அதாவது ஆறாவது நிரல். ஒவ்வொரு எண்ணுக்கும் பிறகு டேப். கடைசிப் பெட்டியில் டேப் அழுத்தினால் புதிய நிரை ஒன்று முளைக்கும், கவனம்.

ஐந்து நிரைக்குள் 30 வரைதான் அடங்கும். 31 ஞாயிறு மிஞ்சிவிடும். அச்சகங்களில் வழக்கமாக 24ஐயும் 31ஐயும் ஒரே பெட்டியில் போட்டு நடுவே சரிகோடு இழுப்பார்கள். செல் ஒப்ஷன்ஸில் டயகனல் லைன்ஸ் இருக்கிறது, செய்யலாம். ஆனால் எழுதும் இடம் பாதியாகிவிடும். என்னைக் கேட்டால், ஆறாவது நிரையைச் சேர்த்து உயரத்தை 28 மி.மீ. ஆக்குவதே நல்லது. 2027இல் ஜனவரி, மே, ஒக்டோபர் மூன்றுக்கும் இது வேண்டிவரும்.

6. விசேட நாட்கள்

எண்ணுக்குக் கீழே என்டர் தட்டி, 'குறிப்பு' ஸ்டைலில் அடியுங்கள். ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழா. 2027இல் அது ஞாயிறு, பெட்டி ஏற்கனவே சிவப்பாக இருக்கும். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு 'வற்றாப்பளைப் பொங்கல்' என்று சுருக்கமாகப் போட்டாலே எல்லோருக்கும் விளங்கும். நீட்டி எழுதி இடம் போதாமல் போனால் பெட்டியில் சிவப்புப் புள்ளி தெரியும். அப்போது எழுத்தைச் சிறிதாக்காதீர்கள், சொல்லைக் குறையுங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களை அரசாங்க விடுமுறைப் பட்டியலோடு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

7. அச்சுக்கு முன்

ஒரு மாதத்தை மட்டும் சாதாரணத் தாளில் பிறின்ற் எடுத்து, ஒரு பெட்டியில் 'பால் 6 லீற்றர்', அதற்குக் கீழே 'உரம் 2 மூட்டை' என்று பேனையால் எழுதிப் பாருங்கள். இரண்டு வரியும் நெருக்காமல் அடங்கினால் அளவு சரி. அப்புறம் பக்கத்தைப் பிரதி எடுத்து மற்ற மாதங்களை நிரப்பி, 3 மி.மீ. பிளீட் (வெட்டும் விளிம்புக்கு வெளியே விடும் மிகை), குரொப் மார்க் (வெட்டும் இடத்தைக் காட்டும் கோடு) இரண்டும் போட்டு பிடிஎஃப் ஆக்குங்கள். அச்சகத்தில் பளபளப்பில்லாத தாள் கேளுங்கள். வழவழப்பான ஆர்ட் தாளில் பேனை மை ஊறாமல் இழுபடும்.